அந்த நாலு பேரைத் தனித்தனியாகக் கேட்டால்

ஒரு தாளில் ஒருவரைப் பற்றிச் சில வரிகள். கல்லூரி மாணவர், சினிமா பிடிக்கும், நண்பர்கள் உண்டு, இதுவரை ஏழு பேருடன் உடலுறவு இருந்திருக்கிறது. கீழே கேள்விகள்: இவரை நம்பலாமா? புத்திசாலியாகத் தெரிகிறாரா? இவருடன் நட்பு வைத்துக்கொள்வீர்களா? தாளை வாங்குபவர்களில் பாதிப் பேருக்கு அந்த நபர் ஆண், மீதிப் பேருக்குப் பெண். மற்றபடி ஓர் எழுத்துக்கூட மாறாது. பக்கத்தில் இருப்பவர் கையில் இருப்பது வேறு தாள் என்பதும் யாருக்கும் தெரியாது. இரண்டு கட்டுகளையும் தனித்தனியே சராசரி போட்டு, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாருங்கள். ஒரே செயலுக்கு ஆணை ஒரு மாதிரியும் பெண்ணை ஒரு மாதிரியும் எடைபோடும் பழக்கத்தின் அளவு கையில் கிடைக்கும். உளவியலில் இதற்குப் பாலியல் இரட்டை அளவுகோல் என்று பெயர்.

நான் கோவையில் ஒரு கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். ஆய்வு முறைகள் பற்றிய பாடம் என் பொறுப்பு. முதுகலை இரண்டாமாண்டு புராஜெக்ட்டுக்கு இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். அவர்களில் ஒருத்தி தன் காரணத்தைத் தெளிவாகச் சொன்னாள்: “எங்க ஹாஸ்டல்ல ஆறரைக்குக் கேட்டைப் பூட்டிடறாங்க மேம். பசங்க ஒன்பதரைக்கு மேலயும் வெளிய நிக்கறாங்க. கேட்டா, ‘உங்க நல்லதுக்குத்தான்’ங்கறாங்க. இது நல்லதுக்கா, வேற எதுக்கான்னு நம்பர்ல காட்டணும்.”

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவியர் விடுதிக்கு மட்டும் பாரபட்சமான விதிகளைப் போடக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் அரசிதழில் வெளியிட்ட ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. விதி ஏட்டில் மாறியும் பூட்டு மாறவில்லை என்றால், இரண்டுக்கும் நடுவில் நிற்பது மனிதர்களின் மனப்பான்மை. கண்ணுக்குத் தெரியாத அதை எப்படி அளப்பது என்பதுதான் நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்க முயல்வது.

இந்த அளவையின் கதை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தொடங்குகிறது. ஐரா ரீஸ் என்ற சமூகவியலாளர் 1960இல், திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி அமெரிக்கர்கள் கொண்டிருக்கும் நிலைப்பாடுகளை நான்காகப் பிரித்தார். யாருக்கும் கூடாது என்பது ஒன்று. அன்பிருந்தால் சரி என்பது இன்னொன்று. அன்பு இல்லாவிட்டாலும் சரி என்பது மூன்றாவது. ஆணுக்குச் சரி, பெண்ணுக்குக் கூடாது என்பது நான்காவது. 1964இல் அவர் வெளியிட்ட அளவையில் ஆணைப் பற்றி 12 வாக்கியங்கள், பெண்ணைப் பற்றி அதே 12 வாக்கியங்கள். முத்தத்தில் தொடங்கி முழு உறவு வரை படிப்படியாகப் போகும். எந்தப் படி வரை ஆணுக்கு அனுமதி தருகிறீர்கள், எந்தப் படியில் பெண்ணை நிறுத்துகிறீர்கள் என்று பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இன்று மாணவர்கள் அதிகம் தேடி எடுப்பது, கான்சஸ் பல்கலைக்கழகத்தின் சார்லீன் மியூலன்ஹார்டும் டெப்ரா குவாக்கன்புஷும் உருவாக்கிய 26 வாக்கிய அளவை. அதன் கணக்கை நான் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது வழக்கம். ஆறு வாக்கியங்கள் ஆணையும் பெண்ணையும் நேரடியாக ஒப்பிடும். பலரோடு உறவு வைத்துக்கொள்வது ஆணைவிடப் பெண்ணுக்குக் கேவலம் என்பது போன்றவை அவை. மீதி இருபதும் பத்து ஜோடிகள். ‘தானே முன்வந்து உறவைத் தொடங்கும் பெண் அத்துமீறுகிறாள்’ என்பது ஓரிடத்தில் இருந்தால், அதே வாக்கியம் ஆணை வைத்து வேறோரிடத்தில் தள்ளி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். ஜோடிகளில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பார்கள். கூட்டினால் உச்சம் 48. ஆணுக்குச் சலுகை, பெண்ணுக்குக் கட்டுப்பாடு என்பதன் எல்லை அது. மறு எல்லை கழித்தல் 30, அதாவது பெண்ணுக்குத்தான் கூடுதல் சலுகை. நடுவில் இருக்கும் சுழியம் என்பது இருவருக்கும் ஒரே நியாயம்.

இந்தச் சுழியத்தைப் பெற்றோர்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன். ‘இந்த மாதிரி ஆராய்ச்சியெல்லாம் பிள்ளைகளைக் கெடுப்பதற்கு’ என்று ஒரு பேச்சு உண்டு. ஆனால் இந்த அளவை யாரையும் தாராளமாக இருக்கச் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன் எதுவுமே கூடாது என்று மகனுக்கும் மகளுக்கும் ஒன்றுபோலச் சொல்லும் கண்டிப்பான வீட்டுக்கும் சுழியம்தான் வரும். எல்லாம் அவரவர் விருப்பம் என்று இருவரையும் விடும் வீட்டுக்கும் சுழியம்தான். மகன் இரவு வண்டியை எடுத்துக்கொண்டு போனால் ‘வயசுப் பையன்’ என்று விட்டுவிட்டு, மகள் போனில் பேசினால் ‘யாருடன்’ என்று கேட்கும் வீட்டில்தான் எண் ஏறும். அளக்கப்படுவது கட்டுப்பாட்டின் கடுமையன்று, அதன் பாரபட்சம்.

சரி, அளந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாய்ஸ் எண்டெண்டைக்கும் அவர் குழுவினரும் 99 ஆய்வுகளை, மொத்தம் 1,23,343 பேரின் பதில்களை, ஒன்றாகத் திரட்டி 2020இல் முடிவை வெளியிட்டார்கள். ‘ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன்’ வகைக் கேள்வித்தாள்களில் சராசரி ஏறக்குறைய சுழியம், கழித்தல் 0.09. அப்படியே எடுத்துக்கொண்டால் இரட்டை அளவுகோல் இல்லை. ஆனால் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் தனித்தனியே மதிப்பிடச் சொன்ன ஆய்வுகளையும், ஆணிடமும் பெண்ணிடமும் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்ட ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது அது இருந்தது. அளவு 0.25. புள்ளியியல் வழக்கில் இது சிறியது, ஆனால் தற்செயல் என்று தள்ள முடியாதது.

அமெரிக்காவில் 2005 முதல் 2011 வரை இருபதுக்கும் மேற்பட்ட கல்வி நிறுவனங்களில், 20,000க்கும் அதிகமான மாணவர்களிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பை ரேச்சல் ஆலிசனும் பார்பரா ரிஸ்மனும் ஆராய்ந்தார்கள். பலரோடு உறவு வைத்துக்கொள்ளும் ஆண் மீது மரியாதை குறையுமா, பெண் மீது குறையுமா என்பது கேள்வி. ஏறத்தாழ பாதிப் பேர் இருவர் மீதும் குறையும் என்றார்கள். பெண் மீது மட்டும் குறையும் என்ற பழைய நியாயத்தைச் சொன்னவர்கள் எட்டில் ஒரு பங்குதான்.

இதை வகுப்பில் சொன்னதும், விடுதிப் பூட்டைப் பற்றிக் கேட்ட அதே மாணவி எழுந்தாள். “அப்ப நாங்க தினம் அனுபவிக்கறது என்ன மேம்? பொய்யா?”

பொய்யில்லை. அதற்கான பதில், யார் பார்க்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மிஷெல் அலெக்சாண்டரும் டெர்ரி ஃபிஷரும் 2003இல் வெளியிட்ட சோதனையை எடுத்துக்கொள்வோம். மாணவ மாணவியரை மூன்று குழுக்களாகப் பிரித்து, வாழ்நாளில் எத்தனை பேருடன் உறவு இருந்தது என்று கேட்டார்கள். ஒரு குழுவினருக்கு, தங்கள் பதிலை இன்னொரு மாணவர் பார்க்க நேரலாம் என்ற எண்ணம் வரும்படி ஏற்பாடு. இரண்டாவது குழுவினர் தனியாக, பெயரில்லாமல் எழுதினார்கள். மூன்றாவது குழுவினருக்குப் பொய் கண்டறியும் கருவி என்று சொல்லிக் கையில் கம்பிகளை மாட்டினார்கள். அது உண்மையில் எதையும் கண்டறியவில்லை. மாணவர்களின் சராசரி மூன்று குழுக்களிலும் நான்கை ஒட்டியே நின்றது. மாணவிகளின் சராசரி முதல் குழுவில் 2.6, இரண்டாவதில் 3.4, மூன்றாவதில் 4.4. பார்க்கும் கண் விலக விலகப் பெண்ணின் எண் ஏறியது. பொய் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்ற நிலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசமே அநேகமாக மறைந்துவிட்டது.

அந்த 2.6க்கும் 4.4க்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை நான் பயத்தின் அளவு என்றே சொல்வேன். எந்தக் கேள்வித்தாளும் ‘நீ பயப்படுகிறாயா’ என்று கேட்கவில்லை. பதில் எழுதும் சூழலை மட்டும் மாற்றினார்கள், பயம் தானாக எண்ணில் வந்து விழுந்தது.

நம் ஊருக்கும் இந்தப் பாடம் தெரியும். 2006-07இல் மும்பையின் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் கழகமும் பாப்புலேஷன் கவுன்சிலும் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் 50,000க்கும் மேற்பட்ட இளைஞர்களைச் சந்தித்தன. நேரில் கேட்டுப் பதில் எழுதியதோடு விடவில்லை. கடைசியில் ஓர் அட்டையைக் கொடுத்து, திருமணத்துக்கு முன் உறவு உண்டா இல்லையா என்று குறித்து, உறையில் போட்டு ஒட்டித் தரச் சொன்னார்கள். வாய் சொல்லாததை உறை சொல்லும் என்ற எதிர்பார்ப்பு அதில் இருந்தது.

என் மாணவர்கள் கூகுள் ஃபார்ம் லிங்க்கை வகுப்பு வாட்ஸாப் குழுவில் தட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். அது எங்கே நிரப்பப்படுகிறது என்று கேட்பேன். விடுதி அறையில் மூன்று பேர் ஒரு கட்டிலில் உட்கார்ந்து, “நீ என்னடி போட்ட?” என்று எட்டிப் பார்த்துக்கொண்டு நிரப்பினால், கிடைப்பது அவள் கருத்தில்லை. அந்தக் கட்டிலின் கருத்து. காகிதத்தில் அச்சடித்து, மேசைகளைத் தள்ளிப் போட்டு, பெயரும் பதிவெண்ணும் இல்லாமல் எழுத வைத்து, மூடிய பெட்டியில் போடச் சொல்லுங்கள் என்பேன். பாதியில் நிறுத்திவிட்டுப் போக உரிமை உண்டு என்பதை முதல் வரியிலேயே எழுதச் சொல்வேன். கேட்பவர் நாகரிகமாகக் கேட்டால்தான் சொல்பவர் உண்மையைச் சொல்வார்.

இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன இரண்டு தாள் முறையை இல்லினாய் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் மார்க்ஸும் கிறிஸ் ஃப்ரேலியும் 2005இல் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். ஓர் ஆண் அல்லது பெண், உறவு கொண்டவர்களின் எண்ணிக்கை மட்டும் தாளுக்குத் தாள் மாறும். எண்ணிக்கை ஏற ஏற மதிப்பு இறங்கியது. ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோலவே இறங்கியது. தனியாக உட்கார்ந்து மதிப்பெண் போட்டவர்கள் பாரபட்சம் காட்டவில்லை.

அவர்கள் அத்தோடு நிறுத்தவில்லை. 2006இல், ஒருவரின் உறவுகள் பற்றிப் புகழும் வரிகளும் இகழும் வரிகளும் சம எண்ணிக்கையில் இருந்த ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு கேட்டபோது, பழைய நியாயத்தோடு ஒத்துப்போன வரிகளே படித்தவர்கள் நினைவில் கூடுதலாக நின்றன. முள் சேலையில் விழுந்தாலும் சேலை முள்ளில் விழுந்தாலும் என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது எளிதில் புரியும். பழமொழிக்குப் பொருந்தும் சம்பவம் மனதில் ஒட்டிக்கொள்கிறது, பொருந்தாதது உதிர்ந்துவிடுகிறது. 2007இல் வந்த மூன்றாவது ஆய்வுதான் என்னை மிகவும் பாதித்தது. அதே மதிப்பீட்டைச் சேர்ந்து பேசி முடிவு செய்யச் சொன்னபோது, தனியாக இருக்கையில் தென்படாத இரட்டை அளவுகோல் எழுந்து வந்தது.

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் ராபின் மில்ஹவ்ஸனும் எட்வர்ட் ஹெரால்டும் 1999இல் மாணவிகளிடம் இரண்டு கேள்விகளையும் கேட்டிருந்தார்கள். சமூகத்தில் இந்தப் பாரபட்சம் இருக்கிறதா? இருக்கிறது என்று பெரும்பான்மையோர் சொன்னார்கள். உனக்கு இருக்கிறதா? இல்லை என்றார்கள். எல்லோரும் தனக்கில்லை என்று சொல்லும் ஒன்று எல்லோரிடமும் எப்படி இருக்க முடியும்?

தமிழில் அதற்குப் பதில் நம் நாக்கிலேயே இருக்கிறது. நாலு பேர் என்ன சொல்வார்கள்? பெண் பிள்ளை வளர்க்கும் எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி ஒலிக்காத நாள் கிடையாது. அந்த நாலு பேரைத் தனித்தனியாக மூடிய உறையில் கேட்டால், ‘அது அவள் விஷயம்’ என்றோ, ‘இரண்டு பேருக்கும் தப்புத்தான்’ என்றோ எழுதுகிறவர்கள் நிறைய. நாலு பேரும் ஒரு திண்ணையில் கூடியதும் ஒருவர் மற்ற மூவரின் வாயைப் பார்க்கிறார். எல்லோரும் பழைய நியாயத்தையே பேசுகிறார்கள். அதைக் கேட்கும் பெண், நாலு பேரும் மனதார அதை நம்புகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு தன் வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்கிறாள்.

இதன் விலை கற்பனையானதில்லை. அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் நட்பு வட்டத்தை டெரெக் கிரீகரும் ஜெரமி ஸ்டாஃபும் 2009இல் ஆராய்ந்தார்கள். அபிப்பிராயம் எதையும் கேட்கவில்லை. யார் யாரை நண்பர் என்று குறிப்பிட்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் எண்ணினார்கள். உறவு கொண்டவர்களின் எண்ணிக்கை கூடிய பையன்களுக்கு நண்பர்கள் கூடினார்கள், பெண்களுக்குக் குறைந்தார்கள். நம் நாட்டில் இந்தப் பாரபட்சம் சட்டத்திலேயே உட்கார்ந்திருந்தது. பாலியல் வன்முறை வழக்கில், புகார் கொடுத்த பெண்ணின் பொதுவான ‘ஒழுக்கக்கேட்டை’ எடுத்துக்காட்டி அவள் சாட்சியத்தைக் குலைக்க, இந்திய சாட்சியச் சட்டத்தின் 155(4) பிரிவு எதிரிக்கு இடம் கொடுத்தது. 2002ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதை நீக்கியது. ஆனால் போட்டோவை வைத்து மிரட்டப்படும் ஒரு மாணவி இன்றும் கல்லூரியின் புகார்க் குழுவிடம் போகத் தயங்குவது, நீக்கப்பட்ட அந்தக் கேள்வி வராண்டாவில் நின்றுகொண்டே இருப்பதால்தான். ‘நீ எதற்கு அனுப்பினாய்?’ என்று அவளைக் கேட்பார்கள். ‘நீ எதற்கு வைத்து மிரட்டினாய்?’ என்று அவனைக் கேட்பவர்கள் குறைவு.

ஆகவே கேள்வித்தாள் தயாரிக்கும் என் மாணவர்களிடம் ஒரு ஜோடியைக் கட்டாயம் சேர்க்கச் சொல்கிறேன். நீ என்ன நினைக்கிறாய்? உன் வகுப்பில் இருக்கும் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நினைக்கிறாய்? முதல் கேள்வி மனதை அளக்கிறது. இரண்டாவது கேள்வி நாலு பேரை அளக்கிறது. இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், அங்கே திருத்த வேண்டியது தனிமனிதர்களின் நம்பிக்கையை அல்ல, ஒருவரைப் பற்றி ஒருவர் கொண்டிருக்கும் தவறான கணிப்பை. இடைவெளி இல்லாமல் இரண்டுமே கடுமையாக இருந்தால் நோய் வேறு, மருந்தும் வேறு. எண் இல்லாமல் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது.

தவறான கணிப்பைத் திருத்த முடியும் என்பதற்குச் சான்று உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டெபோரா பிரென்டிஸும் டேல் மில்லரும் 1993இல் மதுப்பழக்கம் பற்றி ஆராய்ந்தபோது, ஒவ்வொரு மாணவரும் தன்னைவிட மற்றவர்கள் குடியை இயல்பாக எடுத்துக்கொள்வதாக நினைத்திருந்தது தெரிந்தது. உண்மையில் பெரும்பாலோருக்கு உள்ளூரச் சங்கடம்தான். 1998இல் வந்த தொடர் ஆய்வில், இந்த உண்மையை முதலாண்டு மாணவர்களிடம் வெளிப்படையாகப் பேசி விவாதிக்க வைத்தார்கள். சில மாதங்கள் கழித்து, அப்படி விவாதித்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகக் குடித்ததாகச் சொன்னார்கள். அவர்களுக்கு யாரும் அறிவுரை சொல்லவில்லை, அவர்களுடைய பதில்களையே அவர்களுக்குக் காட்டினார்கள்.

நம் கல்லூரிகள் இதைச் செய்யலாம். முதலாண்டு வரவேற்பு வாரத்தில் ஒரு மணி நேரம், மூடிய பெட்டி, பெயரில்லாத தாள், இரண்டு கேள்விகள். மறுநாள் முடிவைத் துறைத் தகவல் பலகையில் ஒட்டிவிட்டு, ஆணும் பெண்ணும் சேர்ந்த சிறு குழுக்களில் பேசவிடலாம். பெரிய செலவு கிடையாது. பெற்றோரும் தங்கள் வீட்டில் மகனுக்கும் மகளுக்கும் போட்டிருக்கும் விதிகளை ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதிப் பார்க்கலாம். கண்டிப்பு வேண்டுமென்றால் இருக்கட்டும், இரண்டு பத்தியிலும் ஒரே கண்டிப்பு இருக்கட்டும்.

ஆய்வு தெரியாத ஒருவராலும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. டீக்கடையிலோ, ஆசிரியர் அறையிலோ, உறவினர் வாட்ஸாப் குழுவிலோ ஒரு பெண்ணின் பெயர் அடிபடும்போது, மனதுக்குள் ‘அந்தப் பையனைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை’ என்று நினைப்பவர் அந்தக் கூட்டத்தில் அநேகமாக ஒருவருக்கு மேல் இருக்கிறார். அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். முதலில் சொல்பவருக்குத்தான் கஷ்டம். இரண்டாவது ஆள் அங்கேயே இருக்கிறார், நீங்கள் சொல்வதற்காகக் காத்திருக்கிறார் என்பதைத்தான் இத்தனை ஆண்டு அளவைகளும் நமக்குச் சொல்கின்றன.